ஐஸுக்கு முன் நிறை

சனிக்கிழமை. கிண்ணியாவிலும் இங்கேயும் மின்சாரம் இல்லை.
மடிக்கணினியில் பதினெட்டு வீதம்.

எலிக்ஸிரில் எழுதியிருந்தேன்:
மீனை எடுத்து, கழுவி, ஐஸ் போட்டு,
நிறுத்து, விலை போட்டு, பில் அடி.
குழாய்க்குறி ஒவ்வொன்றும் ஒரு வினையெச்சம்,
முற்று கடைசியில்தான். தமிழ் அல்லவா அது.

அதையே ருஸ்னா ஹாஸ்கெலில் பெயர்த்திருந்தாள்:
பில் . விலை . நிறை . ஐஸ் . கழுவல்

"முதல் நடக்கிறது கடைசியில கிடக்கு.
ஆர் இதை வாசிக்கிறது?"
"வலமிருந்து இடம்தான்
நான் ஓதப் படிச்சது. உன்ர கழுத்தைத் திருப்பு."

லிஸ்ப் வேண்டாம் என்பதில் மட்டும் ஒற்றுமை:
உள்ளுக்குள் உள்ளாகத் திறந்த அடைப்புகளை
மூடி முடிப்பதற்குள் பாரை நாறிவிடும்.

உப்புவெளி ஹோட்டலிலிருந்து லூர்துநாதன் எடுத்தார்.
"முப்பத்தொரு கிலோ மீனுக்கு
நாப்பது கிலோவுக்கு பில்லா, தம்பி?"

என் வசனத்தை மூன்று தரம் வாசித்தேன்.
உள்துறைமுகத்துத் தண்ணீர் போல
அலையே இல்லாமல் போனது.
நிறுத்து என்று நானே எழுதியிருந்தும்
எங்கும் நிற்கவில்லை.

அவள் போனில், பின்னாலிருந்து,
புள்ளிக்குப் புள்ளி தடக்கி:
கழுவல்.
ஐஸ்.
நி...

"டேய், ஐஸையும் சேர்த்தா நிறுக்கிறம்?"

இரண்டு சொல் இடம் மாற நாலு வினாடி.
வழுக்கிக்கொண்டு போவதெல்லாம் விளங்கினதாகாது என்று
ஒரு கொமென்ட் எழுதப் போனேன்.
பற்றறி ஏழு வீதம்.
எழுதாமலே சேமித்தேன்.

குழாயை மட்டும் மாற்றவில்லை.
அவளும் புள்ளியை.