நாற்பத்திரண்டு வீட்டுக் கணக்கு

மூன்று வாரமாகவே அது டிக் டிக் என்றது.
கடிகாரம் போல என்று எழுத மாட்டேன்,
கடிகாரத்துக்கு ஒரு நிதானம் உண்டு.
இது, மறந்துபோன பெயரை நுனிநாக்கில் வைத்துக்கொண்டு
முதல் எழுத்தையே திரும்பத் திரும்பச்
சொல்லிப் பார்க்கிறவரின் சத்தம்.

மாரிபோர் நகரில், திராவா ஆற்றுக்குத் தெற்கே,
எங்கள் அடுக்ககத்துக்குப் பொருளாளர் நான்.
நாற்பத்திரண்டு வீடுகளின் சூடேற்றும் கட்டணம்,
மாடிப்படி விளக்கு, லிஃப்ட் பழுது,
யார் தந்தார், யார் நாளை என்றார்,
எல்லாம் இந்தச் சாம்பல்நிறப் பெட்டிக்குள்.
2009இல் வாங்கியது.
அப்போதே கழிவு விலை.

"புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமே" என்றது கூட்டம்.
"யார் காசில்?" என்றேன்.
கூட்டம் ஜன்னல் வழியே மூடுபனியைப் பார்த்தது.

டிஸ்க் மட்டும் வாங்கினேன், ஐம்பத்தெட்டு யூரோ.
உள்ளங்கையில் கிடந்தது, கனமே இல்லாமல்.
சுற்றுவதற்கு இதற்குள் எதுவும் இல்லையாம்.
நாற்பத்திரண்டு குடும்பத்தின் சண்டை
இத்தனூண்டில் கொள்ளுமா?

என்னிடம் திருப்புளி இல்லை.
முப்பத்தொன்றாம் எண் வீட்டு விங்கோவிடம் இருந்தது.
திருப்புளியோடு அவரும் வந்தார்,
டார்ச்சும், நான் கேட்காத யோசனைகளும் சகிதம்.

பக்கத் தகடு வர மறுத்தது.
முழங்காலால் அழுத்தி இழுத்தோம்.
உள்ளே விசிறியின் இறக்கைகளில்
பதினைந்து குளிர்காலத்துத் தூசி
கம்பளி மாதிரி திரண்டிருந்தது.
"ரேடியேட்டரை ஒரு தடவை தொடுங்கள்,
உடம்பு மின்சாரம் இறங்கட்டும்" என்றார்.
தொட்டேன்.
நன்றாகவே சுட்டது.
அந்தச் சூட்டில் அவர் கட்டாத பங்கு
ஞாபகத்துக்கு வந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர்தான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிவப்புக் கேபிள் ஒன்று சும்மா கிடந்தது,
அதில் புதியதை மாட்டினோம்.
பழையதிலிருந்து புதியதற்கு நகல் ஓடியது.
பத்து சதவீதம், பதினொன்று.
நான் காப்பி போட்டேன். அவர் சர்க்கரை கேட்டார்.
நாற்பதில் பழையது முனகியது.
எழுபதில் விங்கோ உட்கார்ந்தபடியே தூங்கினார்.
வாய் திறந்திருந்தது.
கடன்காரர் தூங்கும்போது
எவரையும் போலத்தான் இருக்கிறார்.

தொண்ணூற்றேழில் நின்றது.
டிக்.
டிக்.
நள்ளிரவு தாண்டி, என்ன நினைத்ததோ,
மிச்சத்தையும் கொட்டிவிட்டு ஓய்ந்தது.
திரையில் ஒற்றை வரி:
படிக்க முடியாத கோப்பு ஒன்று.
பாக்கிப் பட்டியல், 2013.

அந்த வருடம் பாக்கி வைத்தவர்
ஒரே ஒருவர்தான்.

அவரை எழுப்பினேன்.
பழையதைக் கழற்றினோம், நான்கு திருகு.
புதியதை அதன் இடத்தில் பொருத்தும்போது ஒன்று உள்ளே விழுந்து,
பெட்டியைத் தலைகீழாகக் குலுக்கியும் வரவில்லை.
மூன்றோடு விட்டோம்.
பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை.
இயங்குகிறதா என்று இரண்டு பேரும் குனிந்து காது கொடுத்தோம்,
திரை வெளிச்சமான பிறகும் குனிந்தபடியே இருந்தோம்.

"எல்லாம் வந்துவிட்டதா?" என்றார்.
"ஒன்று வரவில்லை" என்றேன்.
எது என்றும் சொன்னேன்.
அவர் திருப்புளியைத் துடைத்தார்,
துடைக்கத் தேவையில்லாத திருப்புளியை.
கோட்டை மாட்டினார். நல்லிரவு சொன்னார்.

படிக்கட்டில் இறங்கும் சத்தம் பாதியில் நின்றது.
கீழேயிருந்து குரல் வந்தது,
மற்ற கதவுகளுக்குக் கேட்காத அளவில்:
"இருநூற்று முப்பது."

எனக்கு நன்றாகத் தெரியும்,
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ நாற்பது சென்ட்.
பதினோரு வருடமாகப் பல் தேய்க்கும்போதுகூட
அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வெற்றுக் கட்டத்தில் கர்சர் மினுக்குகிறது,
சத்தமில்லாமல்.
பழைய டிஸ்க் மேஜையில், இன்னும் இளஞ்சூட்டோடு.
பழுது எந்தத் தலையில்,
அவருடையதா, என்னுடையதா?
தட்டச்சு செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன்.