அறுபது கிலோ

பறக்கிறவனை நான் நம்புவதில்லை, ராட்ஸிம்.
நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

முந்நூறு ஸ்லாட்டி கொடுத்து
என் பிறந்தநாளுக்கு நீ வாங்கித் தந்த ஆட்டத்தில்
நீலக் கவசக்காரன் நாற்பதாவது மாடியிலிருந்து குதிக்கிறான்.
காது அடைக்கவில்லை. கண்ணில் நீர் வரவில்லை.
நான் க்டினியா துறைமுகத்தில்
நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
கண்டெய்னர் தூக்குகிறவள்.
நவம்பரில் என் கேபின்
விழப்போகும் பல்லைப்போல ஆடும்.
உயரம் என்றால் எனக்கு முதலில் மூத்திரம்தான்.
இறங்க எட்டு நிமிடம், ஏற எட்டு நிமிடம்,
அதனால் காலையில் அரைக் கோப்பை தேநீர்.
அவன் ஒரு தடவைகூடக் கழிவறை தேடவில்லை.

ஒரு லாரியைத் தூக்கி வில்லன்மேல் எறிகிறான்.
யாருடைய லாரி அது?
ஆட்டத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கதவில் ஒரு மீன் கம்பெனியின் பெயர்.
ஓட்டுநர் இருக்கையில் யாருமே இல்லை.

காப்பாற்றப்பட்டவர்களுக்கு மூன்றே வாக்கியம்.
"நன்றி."
"நீங்கள் வராமல் போயிருந்தால்!"
மூன்றாவது மறந்துவிட்டது.
பச்சைக் கோட்டுக்காரி ஒருத்தி
இரண்டு தெரு தள்ளி மறுபடியும் எரியும் காரில் இருந்தாள்.
இந்த முறை வேண்டுமென்றே போகவில்லை.
போய்ச் சூப் சூடு பண்ணி, குடித்துவிட்டு வந்தேன்.
திறந்த வாயோடு அவள் காத்திருந்தாள்.
கார் எரிந்துகொண்டிருந்தது,
கரியாகவே இல்லை.

எனக்கு அந்தப் பழைய வாள் மந்திர ஆட்டம் போதும்.
அதில் என் வீராங்கனை
அறுபது கிலோவுக்கு மேல் சுமந்தால் ஓட மாட்டாள்,
நடப்பாள், மூச்சு வாங்குவாள்.
பனிக் கணவாயில் நின்று யோசித்தேன்:
இரும்புக் கேடயமா, பதினேழு முள்ளங்கியா?
கேடயத்தைக் கீழே போட்டேன்.
நீ சிரித்தாய். சிரி.
ஓநாய்கள் வந்தபோது செத்துத்தான் போனேன்,
ஆனால் பசியோடு சாகவில்லை.

அந்த ஆட்டத்தையும் விட்டுவைக்க மாட்டேன்.
மூன்று நாளில் உலகம் அழியும் என்றார் அரசர்;
நாற்பது நாள் ஏரியில் மீன் பிடித்தேன்.
டிராகன் உச்சியில்
கடைசிப் பேருந்துக்கு நிற்கிறவன் மாதிரி
எனக்காக நின்றது.
அப்புறம் அந்தப் பெண் கவசம்!
பனிமலைக்குத் தொப்புள் தெரியச் செய்தவன்
எந்த ஊர்க் கொல்லன்?
எங்கள் கப்பல்தளத்தில் அவனுக்கு வேலை கொடுங்கள்,
பிப்ரவரியில், ஒரே ஒரு வாரம்.

சரி, இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.
போன மாதம் புயல் முன்னதாகவே வந்ததே,
ஏணியும் ஆகாது, லிஃப்டும் ஆகாது என்று
மேலேயே இரண்டு மணி நேரம் இருந்தேனே,
அப்போது எவனும் பறந்து வரவில்லை.
ரேடியோவில் நீ.
"போக்னா, கேட்கிறதா?"
"இறங்காதே."
"குறையும்."
திரும்பவும் முதலிலிருந்து.
ஒரு சொல்கூட மாற்றாமல்,
குரல் கம்மி, இருமி,
யாரோ எழுதிக் கொடுத்ததைப்போல.
நானும் "கேட்கிறது" என்ற ஒன்றையே சொன்னேன்.
வாய் திறந்துதான் இருந்திருக்கும், யார் பார்த்தது.

அன்றிரவு அந்த நகரத்துக்குத் திரும்பப் போனேன்.
பச்சைக் கோட்டுக்காரியைக் கண்டுபிடிக்க
முக்கால் மணி நேரம் ஆயிற்று.
கதவைப் பிய்த்து வெளியே எடுத்தேன்.
நன்றி என்றாள்.
நான் வராமல் போயிருந்தால் என்றாள்.
மூன்றாவது இதுதான்:
"வீட்டுக்குப் போக வேண்டும், எந்தப் பக்கம்?"
பதில் சொல்ல எனக்குப் பொத்தான் இல்லை.
அவளோடு கொஞ்ச தூரம் நடந்தேன்,
பறக்காமல்.

லாரி விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை.
அந்த மீன் கம்பெனிக்கு
யாராவது பணம் கட்டியாக வேண்டும்.