பதினொரு வெள்ளைகள்

குத்தகையாளர் திரு கோ
வண்ண அட்டையை விசிறிபோல் விரித்துச் சொன்னார்:
"எல்லாம் வெள்ளைதான் லா, ஏதாவது ஒன்று எடு."

எல்லாம் வெள்ளையில்லை.
இது பச்சரிசி. இது புழுங்கலரிசி.
இது அரிசி களைந்த முதல் தண்ணீர்,
பக்கத்தில் இருப்பது இரண்டாம் தண்ணீர்.
இது உரித்த பூண்டு.
இது உப்பு, இது மழைக்காலத்து உப்பு.
பச்சரிசியை அவருக்குப் பெயர்த்துச் சொன்னதும்
பச்சை எங்கே என்று
அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.
முப்பத்தெட்டு வருடமாகத் தின்கிறேன்,
ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

எனக்கு வேலை துவாஸ் துறைமுகத்தில்.
குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து
திரைவழியாகப் பாரந்தூக்கி ஓட்டுகிறேன்.
பன்னிரண்டு மணி நேரம்
சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி,
துருவேறிய ஆரஞ்சு, அதன்மேல் இன்னொரு ஆரஞ்சு,
அப்புறம் அந்த மஜெண்டா.
எந்த ஊரில் எத்தனை பேர் கூடி
அதற்குக் கை தூக்கினார்களோ.
கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடினால்
இமைக்குள்ளும் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜூரோங் வெஸ்ட், பதினொன்றாம் மாடி, பழைய வீவக வீடு.
அதில் ஒரு கூடம்,
என்னைப் பார்த்துக் கத்தாத கூடம்,
அவ்வளவுதான் கேட்டேன்.

செந்தூரனுக்கு ஒப்பவில்லை.
பெயரிலேயே சிவப்பை வைத்திருப்பவன்,
ஒரு சுவருக்காவது மெரூன் வேண்டும் என்றான்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள் சாமான் அறையைக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான்.
எங்கள் அரிசி மூட்டையும் உடைந்த சூட்கேசும்
இப்போது அரண்மனையில் இருக்கின்றன.

கூடத்துக்குப் புழுங்கலரிசி.
சோபா, ஆறிய ஓட்ஸ் கஞ்சி.
தரைக்குச் சணல் விரிப்பு.
ஜன்னலுக்கு லினன்,
துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியின் நிறம்.
விளக்குக்குக் காகிதக் கூடு.
எல்லாம் முடிந்து விளக்கை அணைத்தால்
மோடம் மட்டும் பச்சையாய்க் கண்ணடித்தது.
அதற்கு ஒரு பிளாஸ்டர்.

நாத்தனார் நித்திலா வந்தாள்.
சுற்றிப் பார்த்தாள்.
"நல்லாருக்கு அண்ணி,
பெயின்ட் எப்ப அடிக்கப் போறீங்க?"
பரிசாகக் கொண்டுவந்த இரண்டு குஷனும் கிளிப்பச்சை.
அவையும் அரண்மனைக்குப் போயின,
மெரூனோடு சண்டை போட.

இதற்கிடையில் நகர மன்றம்
எதிர்ப் புளோக்குக்கும் எங்களுக்கும் புது நிறம் என்றது.
கீழ்த்தளத்தில் மூன்று படம் ஒட்டி ஓட்டுக் கேட்டார்கள்.
சாம்பலுக்குப் போட்டேன்.
தோற்றேன்.
தொங்குமேடையில் இரண்டு பேர் இறங்கி இறங்கி
எதிர்ச்சுவர் முழுக்கப் பப்பாளி பூசினார்கள்.
நான் நிறத்தைப் பார்க்கவில்லை,
கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தொழில் புத்தி.

நேற்று எனக்கு ஓய்வுநாள்.
மத்தியானம் ஊற்றிய மழை சட்டென்று விட்டது.
நாலரைக்குத் தேநீரோடு கூடத்துக்கு வந்தால்
கூடம் என்னுடையதாக இல்லை.
மேற்கு வெயில் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி
என் ஜன்னலுக்குள் வந்து
புழுங்கலரிசி மேல் பழுத்திருந்தது.
கஞ்சி நிற சோபாவுக்கு ஒரு கன்னம் வந்திருந்தது.
சணலில் இத்தனை இழை தங்கம் என்று
கடைக்காரன்கூடச் சொல்லவில்லை.
கையை நீட்டினேன், கையிலும் ஏறியது.

எடை இல்லை.
கொக்கி வேண்டாம்,
எந்தக் கப்பலிலும் ஏற்ற வேண்டாம்.
திரையை இழுத்துவிடத்தான் எழுந்தேன்,
நின்றுவிட்டேன்.
தேநீரில் ஆடை படிந்தது,
அதுவும் ஒரு பழுப்பு, அட்டையில் இல்லாதது.

ஐந்தேகாலுக்கு எல்லாம் இறங்கிப் போய்
மறுபடி பூண்டு, உப்பு, கழுநீர்.

செந்தூரன் ஆறரைக்குத்தான் வருவான்.
சொன்னால்
"பாத்தியா, நான் அப்பவே" என்று தொடங்குவான்.
சொல்லவில்லை.