கடைமடைக் கணு

நான்கு கணுக்கள்.
தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி,
கடைசியில் முத்துப்பேட்டை.
நோயாளிக் குறிப்பு எங்கே விழுந்தாலும்
மூன்று பேராவது ஒப்புக்கொண்டால்தான்
சங்கிலியில் ஒரு கண்ணி.

பத்தாயிரம் பொய் நோயாளிகளை உண்டாக்கினேன்.
பொய்க் காய்ச்சல், பொய்ச் சர்க்கரை,
பொய்ப் பிரசவம், அதில் ஏழு இரட்டை.
மொத்தமாகத் திறந்துவிட்டேன்.
நொடிக்கு நூற்றெண்பது.
ஏசி அறையில் கைதட்டினோம்.

கணுக்களைப் பதினாறாக்கினேன்.
எல்லோரும் எல்லோரிடமும் கேட்டு
எல்லோருக்கும் எல்லோரும் தலையாட்டி முடிய
வேகம் முப்பதுக்கு இறங்கியது.
சம்பந்தம் பேசுற மாதிரி இருக்கு
என்றான் அருளப்பன்.

பிறகு நிஜ நோயாளிகள்.
செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று பத்து.
முத்துப்பேட்டையில் கரன்ட் போய்
யுபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
மெஷின் இறங்காத மூலையில் குறுவை அறுத்து
அரிவாள் பட்ட கால், சீழ் கட்டி,
சித்திரவேல் வந்தார்.
பென்சிலின் ஒவ்வாது என்ற வரியை
செவிலியர் ஜெசிமா தட்டினார்.
திரையில் வட்டம் சுழன்றது:
இசைவுக்குக் காத்திருக்கிறது.
பதினொன்று. இருபத்திரண்டு. முப்பது.
வெளியே மன்னார்குடிக்கு ஆம்புலன்ஸ் உறுமியது.
அவர் முன்கையைப் பிடித்து இழுத்து
ஜெசிமா எழுதினார்:
பென்சிலின் கூடாது.
"வேர்வைல அழிஞ்சிறாதே?"
"மன்னார்குடி வரைக்கும் தாங்கும்."

நாற்பத்தொன்றாம் நொடியில் கண்ணி விழுந்தது.
வண்டி தெருமுனை திரும்பியிருந்தது.

அறிக்கையில் சராசரித் தாமதம் இரண்டேகால் நொடி.
பொய்யில்லை.
மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி என்று
செய்தியில் வாசிப்பதும் பொய்யில்லை.
கடைமடையில் ஒரே கேள்விதான்:
வந்துச்சா?

அந்த நாற்பத்தொன்றை எடுத்துவிடுங்கள் என்றார் மேலாளர்,
மின்தடை நம் கணக்கில் வராது.
சங்கிலியில் எதையும் அழிக்க முடியாது என்று
நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.
அறிக்கையில் முடியும்.
ஒரு விசை போதும்.

விரலை எடுத்து ஜெசிமாவுக்கு போன் போட்டேன்.
எதில் எழுதினீர்கள்?
"மருந்து டப்பால தேதி போடுற மார்க்கர். ஏன் மேடம்?"

நாற்பத்தொன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது.
அதன் கீழே ஒரு வரிசை கூடியிருக்கிறது:
கணு: ஒரு முன்கை.
தாமதம்: நான்கு நொடி.
விரிவாக்கத் திறன்: சோதிக்கப்படவில்லை.