வெறும் வண்டி எடை

ஐந்து வாரமாக எழுபத்தெட்டு புள்ளி நான்கு.
காலை ஐந்தே முக்காலுக்கு, பல் விளக்கும் முன்,
கொலுசையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.
அதே எண்.
தராசைச் சுவரோரம் நகர்த்தி மறுபடி ஏறினால்
அங்கேயும் அதே.

தொண்ணூற்றொன்று புள்ளி ஆறில் தொடங்கியவள்.
நான்கு மாதம் களத்தில் காயும் கொப்பரையாய் வற்றினேன்.
பிறகு யாரோ சக்கரத்துக்கு அடியில்
கல் வைத்துவிட்டார்கள்.

இரண்டு இட்லி நூற்றிருபது.
சட்னியில் தேங்காய் இருந்தால் மேலே அறுபது.
பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே குடியிருந்துகொண்டு
தேங்காயைக் கிராமில் கேட்கிறவள் நான் ஒருத்திதான்.
செயலிக்குக் கப்பை தெரியாது, மரவள்ளி தெரியும்.
எல்லைக்கு இந்தப் பக்கம் தின்றால் கணக்கு,
அந்தப் பக்கம் தின்றால் காற்று என்று
ஒருநாள் நடுப்புணியில் ஒரு பழம்பொரியை
எழுதாமல் விட்டேன்.
இரவு பதினொன்றுக்கு எழுந்து எழுதினேன்.
இருநூற்றுப் பத்து.

விடிகாலை நடை, கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டி மேற்கே.
ஆடி மாதம். கணவாய்க் காற்று
நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது.
கேரளா வரவேற்கிறது என்று போன் துடிக்கும்,
திரும்பினால் தமிழ்நாடு.
இரண்டு மாநிலம் வரவேற்கிற உடம்பை
ஒரு தராசு ஏறிட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறது.
போகையில் எதிர்க்காற்று, வருகையில் முதுகுக்காற்று,
இரண்டுக்கும் ஒரே கலோரி போடுகிறது கைக்கடிகாரம்.
அதோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை ஜிம்மில் ஷிஜி சொன்னாள்:
“சேச்சி, சரீரத்துக்குப் பழகிப் போச்சு.
அது இப்போ சிக்கனம் பிடிக்குது.”
என் சம்பளத்தை வைத்து நான் செய்வதைத்தான்
அதுவும் செய்கிறது.
குற்றம் சொல்ல வாய் வரவில்லை.

ஒன்பது மணிக்கு வேபிரிட்ஜ் ஜன்னலில் உட்காருவேன்.
வைக்கோல் லாரி, இளநீர் லாரி, கோழி வண்டி.
பதினொரு வருடமாக எடை போடுவதுதான் பிழைப்பு.
சாக்கோச்சன் வண்டி, சரக்கில்லாமல்,
திங்களன்று 9,840.
வியாழன் 9,910.
அடுத்த வாரம் 9,860.
“என்ன கோகிலவாணி, என் வண்டி திருட்டுத்தனமா திங்குதா?”
டீசல் நிறைய இருக்கும், தார்ப்பாய் நனைந்திருக்கும்,
டயர் இடுக்கில் சித்தூர் வயல் சேறு ஒட்டியிருக்கும்
என்று நான்தான் சமாதானம் சொல்வேன்.
கிளீனர் பையன் உள்ளே தூங்குகிறானா
என்று எட்டியும் பார்ப்பேன்.
ஒரு லாரியிடமும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

நேற்று ராத்திரி கல்லாவை ரஃபீக்கிடம் ஒப்படைத்துவிட்டு
ஏனோ, செருப்போடு, சாவிக்கொத்தோடு, டிபன் பையோடு
மேடையின் நடுவில் போய் நின்றேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக: 80.
மாசியில் விளையாட்டாக இங்கே நின்றபோது 90.
நடுவில் நான் அழுத புள்ளிகள் எதையும்
அது கேட்கவில்லை.

ரஃபீக் கை சும்மா இருக்காது. அச்சடித்துவிட்டான்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: இதர.
மொத்த எடை: 80.
வெறும் எடை என்ற இடம் காலி.
“ரெண்டாவது எடை பாக்கி இருக்குக்கா,
இறக்கிட்டு வாங்க.”
எதை இறக்குவது என்று கேட்கத் தோன்றியது.
அதற்குள் பின்னால் வைக்கோல் லாரி ஒன்று
ஹாரன் அடித்தபடி மூக்கை நுழைத்தது.
ஒதுங்கினேன்.

அறுபது ரூபாயை நானே கல்லாவில் போட்டேன்.
சீட்டு எண் ஒன்று விட்டுப்போனால்
காலையில் முதலாளி கேட்பார்.