பிரிவு நான்கு, உட்பிரிவு இ

சட்டம் நிறைவேறிய அன்று வால்டிவியாவில் மழை.
அது செய்தியல்ல,
இங்கே வெயில்தான் செய்தி.
சாந்தியாகோவில் கைகள் உயர்ந்தன, கைதட்டினார்களாம்.
எங்கள் நிலவறையில் ஒரு சாவிகூட அசையவில்லை.
பதினோராம் நாள் வந்தது சுற்றறிக்கை:
அரக்கு முத்திரைகளை உடைக்கலாம்.
உடைத்தவற்றை எண்ணி எழுதிவைக்க வேண்டும்.

எண்ணினேன். நாலாயிரத்துப் பதினேழு.
குண்டூசிகள் துருவேறித் தாளோடு தாளாகியிருந்தன.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக் காப்பி டப்பாவில் போட்டேன்.
குண்டூசிகளைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை.

முதல் வாரமே வந்துவிட்டாள் ஒதிலியா கார்காமோ.
ஆற்றங்கரைச் சந்தையில் சிப்பி விற்பவள்.
கடல்சிங்கங்களை அதட்டி அதட்டிக் கரகரத்த குரல்
இங்கே வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.
"நிபால்தோ. என் அண்ணன். மரஆலையில் வேலை.
ஒரு செவ்வாய்க்கிழமை.
மீதியை நீங்கள்தான் சொல்லணும்."

நான் சொல்லக் கூடாது.
கோப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம், அவ்வளவுதான்.
பென்சிலுக்கு அனுமதி உண்டு.

அவள் தேடியது அடித்தவனின் பெயரை.
பெயர் இருந்த இடமெல்லாம் கருப்புப் பட்டை:
பிரிவு நான்கு, உட்பிரிவு இ,
விசாரித்த அலுவலர் உயிரோடிருக்கும் வரை.

பத்தாம் பக்கத்தில் பட்டை இல்லை.
சாட்சி: சிறுமி. வயது எட்டு.
"அண்ணன் விறகுக் கொட்டகையில் தூங்குவான்.
நான்தான் ரொட்டி கொண்டுபோவேன்."
கீழே தட்டச்சில்: மிட்டாய் இரண்டு, செலவுக் கணக்கில் சேர்க்க.
அதற்கும் கீழே ஒரு கையெழுத்து,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி விழுந்து கிடந்தது.
எட்டு வயதை மறைக்க உட்பிரிவு இல்லை.

வெகுநேரம் பக்கம் புரளவில்லை.
பிறகு, என்னிடம் அல்ல, மேசையிடம் சொன்னாள்:
"எலுமிச்சை மிட்டாய்.
யார் கொடுத்ததென்று அம்மா கேட்கவே இல்லை."

கேட்கவில்லையா,
கேட்க வேண்டாமென்று இருந்துவிட்டாளா?
அதற்குக் கோப்பு இல்லை.

"மறுபடி மூட முடியுமா?"
சட்டத்தில் இடமில்லை என்றேன்.
என் குரல் எனக்கே சுற்றறிக்கை மாதிரி இருந்தது.

டப்பாவில் கைவிட்டு
வளையாத குண்டூசி ஒன்றைத் தேடி எடுத்தாள்.
பத்தையும் பதினொன்றையும் சேர்த்துக் குத்தினாள்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது போன குளிர்காலமே நின்றுபோனது.