சொற்களைக் குறைத்துத் தேடவும்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு எதிரே
எங்கள் கடையில் நாலு கணினி.
மூன்று ஓடும்.
தேடினாலே காசு வாங்கச் சொல்வார் ஓனர் அந்துவான்.
கிடைத்தால்தான் வாங்குவேன் நான்.

செவ்வாய்க்கிழமை, கரண்ட் போய் வந்த பிறகு,
தனபூஷணம் வந்தார் வைத்திக்குப்பத்திலிருந்து.
பத்திர ஆபீசில் யாரோ கிறுக்கிக் கொடுத்த சீட்டு கையில்:
தகப்பனார் பிறப்பு, பழைய பிரெஞ்சுப் பதிவு.

சொல்லுங்க என்றேன்.

"எங்கப்பா அய்யாக்கண்ணு.
மூணாவது வரிசையில கெழக்கப் பாத்த கூர வூடு.
எடது காது பாதி கெடையாது, சுறா வாலு அடிச்சது.
பொறந்த அன்னிக்கி அப்படி ஒரு மழையாம்,
மருத்துவச்சியக் கட்டுமரத்துல வெச்சுத் தள்ளிக்கினு வந்தாங்களாம்."

அத்தனையும் அடித்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்,
அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பெட்டியும் சளைக்காமல் வாங்கிக்கொண்டு
சற்று நேரம் சுற்றிவிட்டுச் சொன்னது:
முடிவுகள் இல்லை.
சொற்களைக் குறைத்துத் தேடவும்.

குறைத்தேன்.
காதை எடுத்தேன், கூடவே சுறாவும் போயிற்று.
மருத்துவச்சியை இறக்கிவிட்டேன்.
கட்டுமரத்தை இழுத்து வெளியே போட்டேன்.
மழையில் கை வைத்ததும்
"அதையுமா?" என்றார்.
அதையும்.
கூரையை, கிழக்கை, மூன்றாவது வரிசையை.
எங்கப்பாவில் எங்களை எடுத்தேன்,
அப்புறம் அப்பாவை.
மிஞ்சியது வெறும் பெயர்.

அதற்கும் இல்லை.

இந்த ஊர்ப் பதிவேட்டில் பெயர் என்பது
பெற்றவர் சொன்னதல்ல,
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காதில் விழுந்தது.
அவர் காதை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும் முதலில்.
ககரத்துக்கு சி போடு.
உகரத்துக்கு ஓ போட்டுப் பக்கத்தில் யூ போடு.
கடைசியில் ஒரு ஈ வந்து ஒட்டிக்கொள்ளும்,
எல்லா வருஷமும் இல்லை.
நிச்சயமில்லாத இடத்தில் எழுத்துக்குப் பதில் நட்சத்திரம்.
முப்பத்தெட்டு என்றால்
முப்பத்தாறிலிருந்து நாற்பது வரை திறந்துவிடு,
குப்பத்தில் வயது என்பது சுமாராகச் சொல்வது.

பதினோரு அய்யாக்கண்ணுகள்
வரிசையாக வந்து நின்றார்கள்.

"அடேங்கப்பா" என்றார் தனபூஷணம்,
முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு,
ஏதோ ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டதுபோல.

இனி எடுத்தவற்றில் ஒன்றைத் திருப்பிச் சேர்க்கணும்.
மழையைச் சேர்க்கலாமா என்ற முகம் அவருக்கு.
அவங்கம்மா பேர் சொல்லுங்க என்றேன்.
பச்சைவாழி.

வந்ததே ழகரம்.
எல்லாக் குமாஸ்தாவும் தடுக்கி விழுந்த படி அது.
எல் போட்டேன், இல்லை.
ஒய் போட்டேன், இல்லை.
ஜே போட்ட ஒரு மகராசன் இருந்திருக்கிறான்.

ஒரே ஒரு வரி.
அழுத்தினால் பக்கம் விரிந்தது, சாய்ந்த கையெழுத்து.
பிரெஞ்சில் எனக்கு எண்களும் மாதங்களும் மட்டும் வரும்.
நவம்பர் ஒன்பது. விடியற்காலை மூன்று மணி.
சாட்சி இரண்டு பேர்,
ஒருவர் கையெழுத்து, ஒருவர் கீறல்.

"மழை போட்டிருக்கா?"

இல்லம்மா.

"நல்லாப் பாரு."

பெரிதாக்கிக் காட்டினேன்,
எழுத்துகள் நண்டுக்கால்களாய் உடைகிற வரைக்கும்.
இல்லை.

"அப்போ வேற யாரோ என்னமோ" என்றார்,
என்றாலும் முப்பது ரூபாய் கொடுத்து
தாளை நாலாக மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார்.
மணிக்கூண்டைத் தாண்டும்போது
ஒரு கை நெஞ்சின் மேலேயே இருந்தது.

எட்டரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மற்ற இரண்டையும் அணைத்தேன்.
மூன்றாவதில் அந்தப் பெட்டி இன்னும் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.
மழை என்று மட்டும் அடித்தேன்.

முடிவுகள் இல்லை.
சொற்களைக் குறைத்துத் தேடவும்.